எண்ணெய் குடிக்காத விமானம்

வெள்ளையேந்தலுக்கு மேலே சண்டை விமானம் வந்து சுற்ற ஆரம்பித்த வருஷம் மிளகாய் நன்றாகக் காய்ந்தது, காக்காயும் கிளியும் ஊர் எல்லையைத் தொடாமல் ஒதுங்கிப் போயின, அழுகிற பிள்ளைகள் அதன் ரீங்காரத்தில் தொட்டில் ஆட்டாமலே தூங்கின, மணி பார்க்கிற பழக்கமே ஊருக்கு விட்டுப்போய், "இன்னும் மூணு சுத்துல சோறு வெந்துரும்", "டவுன் பஸ் வர ஏழெட்டுச் சுத்து இருக்கு, உக்காருங்க மதினி" என்று பேச ஆரம்பித்தார்கள். அது எதற்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வந்ததை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் எல்லாருக்கும் யோசனை.

எதற்கு வந்தது என்று பூமயிலுக்குத் தெரியும். அதை மேலே ஏற்றிவிட்டவள் அவள்தான்.

மிளகாய் மண்டி மாடியில் தர்மலிங்கம் சார் ஓர் ஆபீஸ் நடத்தினார். கடலுக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் யுத்தம் நடத்தி விளையாடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நிஜ யுத்தத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் அந்த ஆட்டத்தில் உண்டு, எந்த விமானம் எவ்வளவு உயரம் ஏறும், மணிக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும், எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும், எந்தக் குண்டு என்ன எடை என்று கட்டம் கட்டமாய்ப் போட்டு வைத்திருப்பார்கள், அதில் ஒரு கட்டம் பிசகினாலும் அவர்களுக்குப் பொறுக்காது, ஏவுகணை ஒன்று சொன்ன தூரத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று பக்கம் பக்கமாக எழுதிச் சண்டைக்கு வருவார்கள், அத்தனை பேரும் பேரன் பேத்தி எடுத்த பெரிய மனுஷர்கள். அந்தக் கட்டங்களைச் சரிபார்த்துத் திருத்துகிற வேலைதான் மாடியில். கீழே மிளகாய் நெடி, மேலே பீரங்கியும் விமானமும். வேலைக்கு வந்த பெண்கள் தும்மிக்கொண்டே உலகத்துச் சேனைகளையெல்லாம் ஒழுங்குபடுத்தினார்கள்.

தர்மலிங்கம் சார் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். ரெண்டு புத்தகம் ஒரே மாதிரி சொன்னால்தான் கட்டத்தில் ஏற்றணும், ஒன்றும் சொல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடணும். "காலியா இருக்கிறது தப்பில்லம்மா, நமக்குத் தெரியலைன்னு அர்த்தம். இட்டுக்கட்டுறதுதான் தப்பு" என்பார்.

அங்கே வேலை பார்த்த பூமயில் எட்டாவது வரைக்கும் படித்தவள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளைக் காலியாக வைத்தவர்களுக்குத்தான் அடி. தப்போ சரியோ எதையாவது எழுதி வைத்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். அந்த பயம் கல்யாணமாகி, மடியில் ஒரு பெண்பிள்ளை வந்த பிறகும் விரலில் அப்படியே இருந்தது. அதனால், செய்த நாடே இப்போது வேறு பேரில் இருக்கிற ஒரு பழைய சண்டை விமானத்துக்கு, மணிக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பது அன்றைக்குக் கையிலிருந்த புத்தகங்களில் கிடைக்காதபோது, கட்டத்தைக் காலியாக விட மனசு வராமல் அவள் ஒரு சைபரைப் போட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள்.

பால் கொடுத்து முடித்து வாசலுக்கு வந்தபோது விமானம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணெயே குடிக்காத விமானம் எதற்கு இறங்கப்போகிறது?

முதல் நாள் ஊரே மொட்டைமாடியில் நின்றது. ரெண்டாம் நாள் பாதிப் பேர் நின்றார்கள். அந்த வாரச் சந்தைக்குள் அது ஊர் விமானமாகிவிட்டது. அதன் நிழல் எந்த வீட்டு வாசலைக் கடந்தால் அந்த வீட்டுக்கு விருந்தாளி வரும் என்றார்கள். நிழல் நிற்கவே நிற்காததால் எல்லா வீட்டுக்கும் விருந்தாளி வந்துகொண்டே இருந்தார்கள். பக்கத்து ஊரில் பெண் கேட்கப் போனவர்கள், "எங்களுக்குச் சொந்தமா ஒரு விமானம் இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள், "அது தரையில நிக்கட்டும், அப்புறம் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டார்களாம்.

ரொம்பச் சந்தோஷப்பட்டது களத்துப் பொம்பளைகள்தான். தண்ணீர் வற்றிய கண்மாய், சிமெண்டு போட்ட மாதிரி இறுகி நீளமாகக் கிடக்கும். அதில்தான் ஊர் மிளகாய் முழுக்கக் காயும். பறவைகளுக்குக் காரம் தெரியாது, கிளிகள் கூட்டமாக வந்து பழத்தைக் கொத்திப் போகும், அதை விரட்டப் பெண்கள் பொழுதுக்கும் குச்சியோடு வெயிலில் குத்தவைத்திருக்க வேண்டும். விமானம் வந்த பிறகு ஒரு கிளி இல்லை. எல்லாரையும்விடப் பெரிய மிளகாய் அம்பாரம் வைத்திருந்த நம்புத்தாய், ஐம்பது வயசுக்கு மேல் சைக்கிள் பழகினாள்.

விமானத்துக்குள் ஆள் இருப்பது மைக்செட் சிக்கந்தர் மூலமாகத்தான் தெரிந்தது. பள்ளிவாசல் கந்தூரி விழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். மேலேயிருந்து, "கேக்குதுண்ணே, சொல்லுங்க" என்று குழாயில் பதில் வந்தது. நல்ல வெள்ளையேந்தல் பேச்சு. அதிலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அவன் விமானத்தின் கட்டங்களையெல்லாம் நிரப்பியது இந்த ஊர்க் கைகள்தானே, வேறு எந்தப் பேச்சு வரும் அவனுக்கு?

அவனுக்குப் பேர் கிடையாது. ஆட்டத்தில் விமானிக்கென்று இருந்தது ஒரே கட்டம்தான், அதில் 'ஆள்: ஒன்று' என்று போட்டிருந்தது. கிழக்குத் தெரு அவனை முனியசாமி என்றது, பள்ளிவாசல் தெரு காதர் என்றது, மாதா கோயில் தெரு சவரிமுத்து என்றது. யார் எப்படிக் கூப்பிட்டாலும், "இந்தா இருக்கேன்" என்றான்.

பூமயில் ஆள் கூடுகிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டாள். கடையில் சாமான் கேட்பதற்கே பின்னால் நிற்கிறவளை முன்னே விட்டு, அவளுக்குப் பின்னால் நின்று விரலை நீட்டுகிறவள். ஆனால் தன் சைபரால் ஒருத்தன் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிக்கந்தர் கடைக்குப் போனாள்.

"அண்ணே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும். நான் பேசுறது குழாயில கேக்கக் கூடாது."

"அவன் பேசுறது கேக்குமே தாயி. அத நிறுத்துனா ஊர்ல என்னைய அடிப்பாங்க."

"அது கேட்டா கேக்கட்டும். என் சத்தம் கேக்க வேணாம்."

சிக்கந்தர் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு டீ குடிக்கப் போனார். அன்றைக்கிருந்து தினமும் பூமயில் அந்த அறையில் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக் குசுகுசுவென்று பேசினாள், ஊருக்குப் பதில் மட்டும் கேட்டது, கேள்வியை அவரவர் இஷ்டத்துக்கு ஊகித்துக்கொண்டார்கள். "இல்லக்கா, குளிரெல்லாம் இல்ல" என்று குழாய் சொல்லும். "போர்வை வேணுமான்னு கேட்டிருப்பா" என்பாள் ஒருத்தி. "இல்ல, ஜுரமான்னு கேட்டிருப்பா" என்பாள் இன்னொருத்தி.

"எனக்கு அம்மா இருக்காங்களான்னு கட்டத்துல போட்டிருக்கா அக்கா?" என்று ஒருநாள் குழாய் கேட்டது. ஊர் முழுக்க அம்மி நின்றது, மிளகாய் கிளறுகிற கைகள் நின்றன. கொஞ்ச நேரம் கழித்து, "ஓ, அதுக்குக் கட்டமே கிடையாதா. சரிக்கா, விடுங்க" என்றது. அன்றைக்கு வெள்ளையேந்தலில் பல வீடுகளில் குழம்புக்கு உப்பு ரெண்டு தடவை விழுந்தது.

அப்போதுதான் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கடிதம் வந்தது. ஒரு பெரியவர் தன் யுத்தத்தை ஆரம்பித்து வாரக்கணக்காகிவிட்டதாம், அந்தப் பழைய விமானம் மட்டும் இறங்காமல் சுற்றுவதால் யுத்தத்தை முடிக்க முடியவில்லையாம், வீட்டில் ஏசுகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும் என்று ஆட்டத்தின் சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

தர்மலிங்கம் சார் பூமயிலைக் கூப்பிட்டார். அவர் ஏசவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சைபரை எடுத்துட்டு நிஜ அளவைப் போடும்மா. இப்ப ரெண்டு புத்தகம் வந்துருக்கு, ரெண்டும் ஒண்ணாத்தான் சொல்லுது."

"போட்டா அவங்க என்ன ஆவாங்க சார்?"

தர்மலிங்கம் சார் மேலே பார்த்தார். அங்கே மின்விசிறிதான் இருந்தது. "இத்தன நாளு குடிக்காத எண்ணெயை ஒரே மடக்குல குடிச்சுட்டா, கல்லு மாதிரி விழுவான். இன்னிக்கிருந்துதான் கணக்குன்னு எடுத்துக்கிட்டா, ஒரு மணி நேரத்துக்குக் குறையாம தாங்குவான். எதுன்னு எனக்குத் தெரியாது. ஆட்டத்துச் சொந்தக்காரங்களைக் கேட்டு எழுதுனேன். உங்க ஊருக்கு மேல பறக்கிறதுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு பதில் வந்துச்சு."

பக்கத்து மேஜை சகாயராணி, ஏவுகணைகளைப் பார்த்துக்கொள்கிறவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஒரு மணி நேரம் இருந்தா மட்டும்? ரெண்டு றெக்கையிலயும் குண்டு தொங்குது. குண்டோட தரையில இறங்கக் கூடாதுன்னு நான்தான் ஏத்தியிருக்கேன். ரெண்டு புத்தகத்துலயும் இருக்கு."

சேதி ஊருக்குள் போனது. குண்டை எங்கேயாவது போட்டுவிட்டு வரட்டும் என்றார்கள். எதிரி இல்லாமல் குண்டு விழாது, அந்த விமானத்தின் கட்டங்கள் அப்படி என்று தர்மலிங்கம் சார் விளக்கினார். சரி, எதிரி வேண்டும் என்று ஊர் தேட ஆரம்பித்தது. சீமைக் கருவேலங்காட்டை எதிரியாக வைக்கலாம் என்றார்கள் சிலர். கபடியில் ஏமாற்றி ஜெயித்த பக்கத்து ஊர் இருக்கிறதே என்றார்கள் இளவட்டங்கள். தன் மாமியார் வீடு ஓட்டு வீடுதான், நஷ்டம் அதிகமிருக்காது என்றான் ஒருத்தன், அவன் பெண்டாட்டி அவனை அங்கேயே வைத்துக் கவனித்துவிட்டாள்.

நம்புத்தாய் மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "எதுக்கு இறக்கணும்ங்கிறேன்? அவன் பாட்டுக்குச் சுத்துறான். பசிங்கிறானா, தாகம்ங்கிறானா? இறங்குறதுன்னா கண்மாய்க்குள்ளதான் இறங்கணும். எங்க மிளகாயெல்லாம் அள்ளணும், ஈரம் பிடிக்கும், அள்ளுனது போக மறுபடி குச்சியைத் தூக்கிட்டு நாங்க வெயில்ல உக்காரணும். எவ உக்காருவா, நீ உக்காருவியா?"

களத்துப் பெண்கள் அவள் பின்னால் நின்றார்கள். பூமயில் அங்கேதான் இருந்தாள், கூட்டத்தின் கடைசியில். அவள் திரும்பி மைக் அறைக்குப் போய்விட்டாள்.

என்ன கேட்டாளோ தெரியாது. கூட்டம் இன்னும் கலையாமல் நின்றபோதே குழாய் பேசியது.

"பசி இல்லக்கா. தாகமும் இல்ல. கால்தான். மரத்துப்போச்சு. மடக்குனது மடக்குனபடியே இருக்கு, நீட்ட இடமில்ல. கிள்ளிப் பாத்தேன், வலிக்கல. கால் இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. ஒருதடவை எந்திரிச்சு நின்னாப் போதும். அதுக்கப்புறம் மறுபடி உக்காரச் சொன்னாக்கூட உக்காந்துக்கிறேன்."

வாழ்நாள் முழுக்கக் களத்தில் குத்தவைத்து, எழுந்திருக்கும்போது ரெண்டு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தவள் நம்புத்தாய். சைக்கிளைச் சுவரில் சாத்தினாள், கண்மாய்க்குள் இறங்கினாள், கூடையை எடுத்துத் தன் அம்பாரத்தில் குத்தினாள். ஒரு கூடை, ரெண்டு கூடை. அப்புறம் மற்றவர்கள் இறங்கினார்கள்.

களம் கிடைத்தது, குண்டு அப்படியே தொங்கியது. பூமயில் மாடியில் உட்கார்ந்து அந்த விமானத்தின் கட்டங்களை மேலிருந்து கீழாக, மறுபடி மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சண்டைக்குப் போக ஒரு வரிசை, கப்பலை அடிக்க ஒரு வரிசை, பாலத்தை உடைக்க ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் எந்த றெக்கையில் எதைத் தொங்கவிடுவது என்று விவரம். கடைசியில் ஒரு வரிசை மட்டும் காலியாக இருந்தது. அதற்கு 'ஃபெர்ரி' என்று பேர். அதைப் பூமயில் நிரப்பவில்லை, சகாயராணியும் நிரப்பவில்லை, ஆபீஸில் யாரும் எந்த விமானத்துக்கும் நிரப்பியதில்லை, ஏனென்றால் அது இல்லை என்று கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர்கூட ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை.

"சார், ஃபெர்ரின்னா என்ன சார்?"

"அதுவா? ஆயுதம் எதுவும் எடுத்துக்காம, எண்ணெய் மட்டும் ரொப்பிக்கிட்டு, ஒரு இடத்திலேருந்து இன்னொரு இடத்துக்குச் சும்மா போறது. வெறுங்கையாப் போறது. யுத்தம் விளையாடுறவனுக்கு அது எதுக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

மூணு பேரும் அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கினார்கள். ஒரு புத்தகத்தில் தெளிவாக இருந்தது: றெக்கைக்கு ஒன்றாக ரெண்டு எண்ணெய்த் தொட்டி, வேறொன்றுமில்லை. ரெண்டாவது புத்தகம் வேண்டும். மிளகாய்த் தூசியைத் தட்டித் தட்டிப் புரட்டினார்கள், எதிலும் ஒரு வரிகூட இல்லை. மத்தியானம் போய், டீ வந்து, ஆறிப்போன பிறகு, தெரியாத பாஷைப் புத்தகம் ஒன்றில் சகாயராணி ஒரு படத்தைக் கண்டுபிடித்தாள். அதே விமானம் வெயிலில் நிற்கிறது, றெக்கைக்கு ஒன்றாக ரெண்டு தொட்டி, பக்கத்தில் ஒருத்தன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எதையோ பார்த்துச் சிரிக்கிறான்.

"படம் செல்லுமா சார்? எழுத்து இல்லையே" என்றாள் சகாயராணி.

தர்மலிங்கம் சார் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். இட்டுக்கட்டுவதற்கு அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது பூமயிலுக்குத் தெரியும். "தொங்குறது தெரியுது. எண்ண முடியுது. இதுவும் புத்தகந்தானே," என்றார் கடைசியில். "செல்லும். ஏத்தும்மா."

வெள்ளிக்கிழமை காலையில் கண்மாய் கூட்டிப் பெருக்கி வெறுமையாகக் கிடந்தது. பூமயில் முதலில் மைக் அறைக்குப் போனாள். ஊர் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"சரிக்கா" என்றது குழாய். "விழுந்தாலும் பரவாயில்லையான்னு கேக்குறீங்களா? கீழ யாரும் நிக்காமப் பாத்துக்கங்க, அது போதும். நீங்க போடுங்க."

மாடிக்கு வந்து கடைசி வரிசையை நிரப்பினாள். ஜன்னலில் நின்ற சகாயராணி, "குண்டைக் காணோம்" என்றாள். "தொட்டி வந்துருச்சு. பூசணிக்கா மாதிரி ரெண்டு."

பூமயில் எண்ணெய்க் கட்டத்துக்கு வந்து சைபரை அழித்தாள். கட்டம் காலியானது. ரீங்காரம் நின்றது. இத்தனை நாளும் காதுக்குள்ளேயே இருந்த சத்தம் நின்றதும் ஊர் அப்படியே உறைந்தது, வெள்ளையேந்தலில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு அழுதன, விமானம் மாதா கோயிலுக்கு மேலே ஆணியில் மாட்டிய மாதிரி அசையாமல் நின்றது. கட்டம் காலியாக இருக்கிறவரைக்கும் அவன் விழமாட்டான், பறக்கவும் மாட்டான் என்பது அவளுக்குப் புரிந்தது. மடியில் பிள்ளை வீறிட்டது. அவள் ரெண்டு புத்தகத்தையும் இன்னொரு தடவை பார்த்து, நிஜ அளவை ஒவ்வொரு எண்ணாகத் தட்டி ஏற்றினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் மேலே ஒரு செருமல். அப்புறம் ரீங்காரம், ஆனால் பழைய ரீங்காரம் இல்லை, வெயிலில் வந்தவன் சொம்பைத் தூக்கி மடக்மடக்கென்று குடிக்கிற சத்தம்.

"குடிக்குதுடி" என்றாள் சகாயராணி. "நிதானமாத்தான் குடிக்குது."

பூமயில் படியில் இறங்கி ஓடினாள். விமானம் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி, தாழ்ந்து, கண்மாய்க்குள் புழுதி கிளப்பி ஓடி, மடையோரம் போய் நின்றது. கண்ணாடி மூடி திறந்தது. அவன் உட்கார்ந்தே இருந்தான். நம்புத்தாய்தான் ஏணியைச் சாத்தச் சொல்லி, முதலில் ஏறி, "கையக் குடுப்பா. அவசரப்படாத. முள்ளுக் குத்துற மாதிரி இருக்கும், அது ரத்தம் ஓடுறது, பயந்துராத" என்று அவன் முழங்காலைத் தேய்த்துவிட்டாள். நாலு பேர் தாங்க அவன் இறங்கி, தரையில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். அதைப் பார்க்க ஊருக்கு அலுக்கவில்லை.

அப்புறம் அவன் தேட ஆரம்பித்தான். முகம் முகமாகப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது ஒரு குரல் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டான். "முனியசாமி" என்றார்கள், "காதரு" என்றார்கள், "சவரிமுத்து, இங்க பாருப்பா" என்றார்கள். ஒவ்வொரு குரலுக்கும் திரும்பி, அது இல்லை என்று தலையை ஆட்டினான்.

பூமயில் கூட்டத்தின் கடைசியில், தர்மலிங்கம் சாருக்குப் பின்னால், பிள்ளையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை விரலைச் சூப்பிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தது. எல்லாரும் ஓய்ந்துபோன ஒரு நொடியில், வெள்ளையேந்தல் அதுவரைக்கும் கேட்டிராத ஒரு குரல், கொஞ்சம் கீச்சென்று, ஆனால் கண்மாய் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"தம்பி, கை காலைக் கழுவிட்டு வாங்க. தோசை ஊத்துறேன்."

அவன் கண்ணைத் திறக்காமலே அந்தப் பக்கம் திரும்பி நடந்தான்.